இரண்டு சுருக்கு முடிச்சுகள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே வழக்கமான சண்டையோடு நலமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறதே, யாரை வைத்து எழுதினாள் என்று யோசிக்காதே, என் இடது கைதான். இரட்டைக் கோடு போட்ட நோட்டு வாங்கி, ஆறு மாதம் உட்கார்ந்து நானே பழகினேன். இதை எழுதி முடிக்க நான்கு நாள் ஆயிற்று. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ இரண்டு யோசனை சொல்லிவிடுகிறாய், காகிதம் குறுக்கே பேசாது. அப்பா இப்போது காய் நறுக்குகிறார், ஒரு துண்டு கட்டை விரல் அளவு, அடுத்தது கடுகு அளவு, ஒன்று வேகும்போது மற்றது கரைந்துவிடுகிறது. உன் தங்கை லீவு நாளில் வந்து எனக்குத் தலை வாரிவிட்டு, வாரியதற்குக் கூலியாக அரை மணி நேரம் திட்டிவிட்டுப் போகிறாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்தது வழக்கைப் பற்றி. எனக்குத் தெரியாமல் நீ சலவைக் கம்பெனிக்கு அனுப்பிய மெயிலை விசாரணையில் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தார்கள். அதை உன்னிடம் கேட்காமல் விடமாட்டேன். ஆனால் நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன், அதை முதலில் சொல்லாவிட்டால் உன்னைக் கேட்க எனக்கு வாய் கிடையாது.

எங்கள் இஸ்திரி மிஷினை நீ பார்த்ததில்லை. ஒரு ஆள் உயரத்துக்குச் சூடான உருளைகள், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும், ஒரு முனை நான், மறு முனை நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் பெண். உருளைக்கு முன்னால் மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு பாதுகாப்புக் கம்பி குறுக்கே இருக்கும், கை பட்டு அது அசைந்தால் மிஷின் நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓரம் தடித்த விரிப்பு பட்டாலும் அது நின்றுவிடும், திரும்ப ஓட்டுவதற்குள் உள்ளே மாட்டிய விரிப்பு மஞ்சளாகக் கருகிவிடும், கருகினால் எங்கள் தலையில். எங்கள் மேற்பார்வையாளருக்குக் கடிகாரம் என்று பெயர், மனுஷனைவிட அவர் கைக் கடிகாரம்தான் எங்களிடம் அதிகம் பேசும். அவர் வந்து நின்று, "என்னம்மா இது, மாமியார் மாதிரி தொட்டதுக்கெல்லாம் முறைச்சுக்குது, நாளைக்கு எண்ணிக்கை குறைஞ்சா நான் மேல என்ன சொல்றது" என்பார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் நான் கிழிந்த விரிப்பிலிருந்து இரண்டு துணித் துண்டு எடுத்து, கம்பியின் இரண்டு ஓரத்தையும் சட்டத்தோடு சேர்த்து அசையாமல் கட்டினேன். சும்மா முடிச்சு இல்லை, சுருக்கு முடிச்சு, வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும், சோதனைக்கு ஆள் வந்தால் யாருக்கும் தெரியாது. கடிகாரம் பார்த்தார், இதுக்கெல்லாம் மூளை வேணும் என்றார். அன்றிலிருந்து காலையில் முதலில் வருகிறவள் கட்டுவாள், வெளியாள் வந்தால் பக்கத்தில் நிற்கிறவள் வாலை இழுப்பாள். மற்ற மூன்று மிஷினுக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மிஷின் புத்தகத்தை எழுத்துக் கூட்டி நானே படித்தவள், எனக்கு அதில் பெருமைகூட இருந்தது தம்பி.

கை போன அன்று காலையில் முதலில் வந்தது நான். கட்டியதும் நான். விரிப்பின் நாடா ஒன்று விரலில் சுற்றிக்கொண்டது, கம்பி அசையவில்லை, உருளை நிற்கவில்லை. அதற்குமேல் எழுத மாட்டேன், உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இதுதான். ஆம்புலன்ஸ் ஆட்கள் உள்ளே ஓடி வந்தபோது நெட்டை அழுதுகொண்டே இரண்டு வாலையும் இழுத்துவிட்டாள். யாரும் சொல்லி இல்லை, சதியும் இல்லை, வெளியாள் வந்தால் இழுத்துப் பழகிய கை, இழுத்துவிட்டது. துணி இரண்டும் தரையில் கிடந்ததை நான் பார்த்தேன். மறுநாள் கம்பெனிக்காரர்கள் கம்பி நன்றாகத்தான் வேலை செய்கிறது, நாங்கள் என்ன செய்வது என்றார்கள். நான் உன்னிடமும் அப்பாவிடமும் வக்கீலம்மாவிடமும் கம்பி உடைந்திருந்தது என்று சொன்னேன். நானே கட்டினேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இரண்டு விரல் போய், மிச்ச விரல் மடங்காத கையை வைத்துக்கொண்டு, இதற்கு மூளை என் மூளைதான் என்று எப்படிச் சொல்வேன்.

இதற்கு நடுவில்தான் அவர்கள் ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று காகிதம் அனுப்பினார்கள். விபத்து என் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது, மிஷினிலும் நிர்வாகத்திலும் ஒரு குறையும் இல்லை என்று அதில் ஒரு வரி. அந்த வரியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்றேன், அந்த வரிக்குத்தான் பணமே என்றார்கள். நீ போனில், வரியில் என்னம்மா இருக்கு, அது சோறு போடுமா, போட்டுட்டு நிம்மதியா இருங்க என்றாய். நான் மாட்டேன் என்று போனை வைத்தேன். நீ அங்கிருந்து அவர்களுக்கு எழுதிவிட்டாய்.

முதல் விசாரணையில் கம்பெனி மெக்கானிக் கம்பியைப் படம் பிடித்துக் கொண்டுவந்து, இது உடையவே இல்லை, ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை என்று காட்டிவிட்டார். எங்கள் பக்கம் அப்படியே சாய்ந்தது. வெளி வராந்தாவில் குடிதண்ணீர் மிஷின் பக்கத்தில் வக்கீலம்மா என்னை நிறுத்தி, உண்மையைச் சொல்லுங்க என்றார். சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் என் மாமியார்கூட என்னை அப்படித் திட்டியதில்லை. "டாக்டர்கிட்ட கையக் காட்டுன மாதிரி எங்கிட்டயும் காட்டியிருக்க வேண்டாமா, பதினாலு மாசமா இல்லாத சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறேனே" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை, கம்பி உடைஞ்சிருந்ததான்னு நீங்க கேட்டீங்க, ஆமான்னேன், கட்டியிருந்ததான்னு நீங்க கேக்கலயே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு, பார்த்தவங்க யாராவது உண்டா என்று கேட்டார். நெட்டை ஏற்கெனவே வந்து, "அக்கா, என்னை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டுடாதீங்க, ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்" என்று என் இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். யாரும் இல்லை என்றேன். அப்போதுதான் வக்கீலம்மா அந்தப் படத்தை மறுபடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கம்பி முழுக்க மஞ்சள், இரண்டு ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் போய் இரும்பு பளபளவென்று தெரிந்தது. இது என்னம்மா என்றார். பதினோரு வருஷத் துணி என்றேன்.

அடுத்த விசாரணையில் அவர் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், துணி உரசி இப்படித் தேய எத்தனை நாள் ஆகும் என்று. அந்த மனுஷன் நல்லவர், கம்பெனி ஆட்களைத் திரும்பிப் பார்க்காமல், நாள் கணக்கு இல்லைங்க, வருஷக் கணக்கு என்றார். அதுவரைக்கும் துணியையே கண்ணால் பார்த்ததில்லை என்று சாதித்த கடிகாரம் தன் கைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் எதிர்ப்பக்க வக்கீல் எழுந்து உன் மெயிலை வாசித்தார். அம்மா எப்போதுமே அவசரக்காரி, வீட்டிலும் அப்படித்தான், கவனக்குறைவாக இருந்திருக்கலாம், நான் கையெழுத்துப் போட வைக்கிறேன், தயவுசெய்து முடித்துவிடுங்கள். நீ எழுதியதை நான் மாற்றவில்லை, அப்படியே மனப்பாடமாக இருக்கிறது. இது உங்கள் மகன் எழுதியதா என்று விசாரணை அதிகாரி கேட்டார். என்னைக் கேட்காமல் என் கையைப் பற்றி எழுத உனக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பயந்து எழுதினாய் என்று அப்பா சொல்கிறார். பயந்தால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதிகாரியிடம் நான் சொன்னது இது. ஆமாங்க, என் மகன்தான். நான் அவசரக்காரி என்பது வீட்டில் உண்மை, பால் பொங்குவதற்கு முன்னே இறக்குகிறவள். அந்த மிஷினில் நான் அவசரப்பட்டது அவர்கள் எண்ணிக்கைக்காக. கம்பியைக் கட்டியது நான், அவிழ்க்கச் சொல்ல வேண்டியவர் பதினோரு வருஷம் அதன் முன்னால் நின்று நேரம் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்து இந்த முடிச்சைப் போட்டீர்கள் என்றார், யாரும் இல்லை, நானே யோசித்தது என்றேன். வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

போன வாரம் உத்தரவு வந்தது. தவறில் முக்கால் பங்கு கம்பெனியுடையது, கால் பங்கு என்னுடையது, நஷ்டஈட்டில் அந்தக் கால் பங்கைக் கழித்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. வருவது அவர்கள் முன்பு தருகிறோம் என்றதைவிடக் கொஞ்சம்தான் கூட, இதற்கா இத்தனை அலைச்சல் என்று நீ கேட்பாய், கேள். அந்தக் கால் பங்குக்கும் மேல்முறையீடு போடலாம், ஜெயிக்கலாம் என்று வக்கீலம்மா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அது நான் போட்ட முடிச்சு. முக்கால் பங்கை என் தலையில் கட்டப் பார்த்தபோது எப்படி மாட்டேன் என்றேனோ, என் கால் பங்கை இன்னொருவர் தலையில் கட்டவும் மாட்டேன். தங்கை இதற்கும் திட்டினாள். நெட்டை போன் செய்தாள், இப்போது நான்கு மிஷினிலும் கம்பி கட்டுவதில்லையாம், ஒரு நாளைக்கு நாற்பது தடவை நிற்கிறதாம், "ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் கடிகாரம் உங்களச் சொல்லித்தான் திட்டுறாரு அக்கா" என்றாள். திட்டட்டும், உனக்கு விரல் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். பத்தும் இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உத்தரவு நகலை வாங்கப் போனபோது, வழக்குக் கட்டிலிருந்து உன் மெயிலை மட்டும் உருவி எடுத்துவிட முடியுமா என்று வக்கீலம்மாவைக் கேட்டேன். அதுதான் உங்களை ஒண்ணும் பண்ணலையே, இனிமே எதுக்கு என்றார். என்னை ஒன்றும் செய்யாது, நாளைக்கு என் பேரப்பிள்ளை பெரியவனாகி இதைத் தேடிப் படித்தால் அவன் அப்பாவை என்ன நினைப்பான் என்றேன். ஒரு முறை கட்டோடு சேர்ந்த காகிதத்தை எடுக்க முடியாதாம். இரண்டு தடவை கேட்டேன், முடியாதாம்.

மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள், அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். நீ வேலை செய்யும் கிடங்கில் வேகத்துக்காக எதையாவது கட்டியோ அடைத்தோ வைத்திருக்கிறார்களா என்று நாளைக்கே போய்ப் பார். இருந்தால் நீயே அவிழ்த்துவிடு, அவிழ்த்துவிட்டு எனக்கு எழுது. போன் வேண்டாம், உன் கையால் எழுது.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
உன்மேல் இன்னும் கோபம் தீராத அம்மா