பிலோமி பெயரில் ஒரு பக்கம்

மரியே வாழ்க

ராயபுரம்
12.8.2006

அன்பு மகன் கஸ்பாருக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, எண்ணூர் ஆலைப் புகை காற்றில் வந்தால் தூக்கமில்லை. ஆனால் இப்போது எழுதுவது வேறு ஒரு மனக்கஷ்டத்தைப் பற்றி.

எதிர்வீட்டு மீன்காரி ஸ்டெல்லாவின் மகள் பிலோமி உனக்குத் தெரியும், கல்லூரிக்குப் போகிறாள், கோவிலில் பாட்டுக்குழுவில் பாடுவாள், மறைக்கல்வியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பாள். பிரவுசிங் சென்டரில் எவனோ ஒருவன் பைபிள் வசனமாகவே எழுதிப் பழகியிருக்கிறான், இவளும் நல்லவன் என்று நம்பிப் போட்டோ அனுப்பியிருக்கிறாள். தனியாக வந்து பார் என்றதற்கு மறுத்ததும், இன்டர்நெட்டில் அவள் பெயரில் ஒரு பக்கம் திறந்து, அந்தப் போட்டோவையும் வீட்டுப் போன் நம்பரையும் போட்டு, வாயால் சொல்ல முடியாததையெல்லாம் எழுதிவிட்டான். கண்டவனெல்லாம் போன் செய்கிறான். ஞாயிறுதோறும் கோவிலில் நான் எடுக்கும் இளைஞர் வகுப்புப் பையன்களே அதை அச்செடுத்துக் கைக்குக் கை கொடுத்திருக்கிறார்கள்.

கோவில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவள் இனிப் பாடவும் வேண்டாம், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பையன்களை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், சின்னப் பசங்க, விடுங்க டீச்சர் என்றார்கள். ஸ்டெல்லா மீன்கூடையோடு கூட்டம் நடந்த அறை வாசலில் நின்று, எம்பொண்ணு இன்னா திருடிகினா வந்தா, பாத்து சிரிச்சவன்லாம் உள்ள குந்தினுகீறான், அவ மட்டும் வெளிய நிக்கணுமா என்று கத்தினாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் நான் பாடம் எடுக்கவில்லை, இதைத்தான் பேசினேன். ஒருவன் எழுந்து, நெட்டுல கீறத பாத்தா பாவமா டீச்சர், நாங்களா போட்டோம் என்றான். பார்த்ததோடு நிற்காமல் பக்கத்திலிருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டியது யார் என்று கேட்டேன், உட்கார்ந்துகொண்டான். போன வாரம் பாதிப் பேர் வரவில்லை, அவர்கள் வீட்டில் என்மேல் கோபம். பிலோமி படிப்பை விட்டுவிட்டுத் தூத்துக்குடி அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன், என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையடா.

அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறதாம். நீ கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவன், யாருக்கு எழுத வேண்டுமோ எழுதி அதை எடுக்கச் செய். கூட இருப்பவர்களிடம் காட்டி யோசனை கேட்காதே. அதில் எழுதியிருப்பதை நீயும் படிக்காதே. நீயும் தனி அறையில் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்கிறவன்தான், உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆண்டவர் கேட்கட்டும்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. பக்கத்தை எடுத்ததும் சொல், முதலில் ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

உன் அம்மா
அமலோற்பவம்