ஆள் எப்படி?

நானா, கூடப் பிறக்காத என் அண்ணா, ஆராய்ச்சிப் பன்றிகளின் கொட்டகைக்கு வெளியே குழாயடியில் உங்கள் பால்மா டின் இன்னும் இருக்கிறது. உள்ளே பாதிக்கு மண். இன்று காலை மழை விழுந்து அந்த ஈரமண் வாசம் எழும்பியதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

பன்றியைத் தொட்ட கையை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் சேர்த்து என்பது உங்கள் மார்க்கம். சத்திரசிகிச்சை அறைக்குப் பக்கத்தில் மண்ணா என்று பெரிய டொக்டர் முகம் சுளித்தபோது, "உள்ளுக்கு உங்கட சவர்க்காரம், வெளிய எங்கட மண், டொக்டர் சேர்" என்று சிரித்தீர்கள். அந்த மிருகத்தின் பெயரை நீங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "ஆள்" என்பீர்கள். "ஆளுக்கு இண்டைக்குச் சாப்பாடு இல்ல." "ஆள் முழிச்சிட்டுதா தங்கச்சி?" கிறிஸ்து பிறந்த நத்தாருக்குப் பன்றிக்கறி தின்னும் இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து வேதக்காரி நான். என்னையும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. கடைசியில் டொக்டர்மாரும் அப்படியே பேசினார்கள்.

ஒரு பன்றியின் சிறுநீரகத்தை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்க்கும் ஆராய்ச்சி, ஒருநாள் மனிதருக்கும் வைக்கலாம் என்ற நம்பிக்கையில். வெட்டுவது அவர்கள் பாடு, முன்னும் பின்னும் பார்ப்பது நம் பாடு. வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று முதல்நாளே வைக்கோலைக்கூட அள்ளிவிடுவோம். வைக்கோல் போனதும் பக்கத்துக் கூடுகள் எல்லாம் சத்தம் அடங்கிப்போகும். "அதுகளுக்கு விளங்குது" என்பீர்கள். அப்போது மட்டும் உங்கள் முகத்தில் சிரிப்பு இருக்காது.

உங்களுக்கும் சிறுநீரகம் பழுது என்று எனக்குத் தெரியும். கலேவெலயில் வயல் செய்த உங்கள் வாப்பாவும் அதில்தான் போனார். "ஆளோட கிட்னி உங்களுக்குச் சரிவருமா நானா?" என்று ஒருநாள் கேட்டேன். "மௌலவிகிட்டக் கேட்டேன். உயிர் போற நேரமெண்டா அது கூடுமாம், ஹராமில்லயாம். அந்த வைத்தியம் சுணங்காம வந்தாச் சரி."

அந்தக் கடைசி நாளில், காலையில் பொருத்தி முடித்த பன்றி மயக்கம் தெளியாமல் கிடந்தது. அதற்குப் போர்வை போர்த்திவிட்டு, பையில் சிறுநீர் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். புதுச் சிறுநீரகம் வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். பை நிரம்பத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது. டொக்டரின் உதவியாளர் விசாரிக்கும் நேரம் அது.

"ஆள் எப்படி?" என்றது ஒரு பெண்குரல்.

"நல்லா இருக்குங்க. மூத்திரம் தாராளமாப் போகுது."

"அல்ஹம்துலில்லாஹ். நேத்திலருந்து ஒண்டும் போகல்லயேண்டு பயந்துட்டு இருந்தேன் புள்ள. சொல்லச் சொல்லக் கேக்காம வேலைக்கு வந்துட்டார்."

நான் வாயைத் திறக்குமுன் தொடர்பு அறுந்தது. பேசியது புருஷன் பெயரை வாயால் சொல்லாத உங்கள் மனைவி; அவர் "ஆள்" என்றது உங்களை.

திரும்பிப் பார்த்தேன். உங்கள் முகம் ஊதியிருந்தது. காலையிலிருந்து பக்கத்தில் நின்றும் அது என் கண்ணில் படவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போங்க நானா" என்று கெஞ்சினேன். "ஆள் எழும்பி நிக்கட்டும், போறேன்" என்றீர்கள். அது எழும்பி நின்றது. அதற்குப் பிறகுதான் உங்களை ஏற்றிக்கொண்டு வான் வண்டி மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. நீங்கள் திரும்பி வரவில்லை.

இப்போது வெளிநாட்டில் மனிதருக்கே பன்றிச் சிறுநீரகம் வைக்கிறார்களாம். டொக்டர் சந்தோஷமாக வந்து சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

பெருநாளைக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி வட்டிலப்பத்தை முன்னால் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு நீ சொன்ன நல்ல சொல்லுலதான் மனசாறச் சோறு தின்டேன் புள்ள. அதுக்குப் பொறகு அப்படி ஒருநாளும் தின்னல்ல."

அது உங்களைப் பற்றிய சொல் இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லப்போவதில்லை, நானா.