காற்று எப்போது நிற்கும் என்று கேட்டாய்

அலமாரியை ஒழிக்கும்போது பழைய சி புரோகிராமிங் புத்தகம் கையில் வந்தது. நடுப்பக்கம் ஒன்றில் உன் கட்டைவிரல் ரேகை கரித்தூளில் பதிந்து, இத்தனை வருஷம் கழித்தும் அழியாமல் இருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணூர்ப் பக்கம் அந்த அனல் மின் நிலையத்தில் நாம் இருவரும் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர்கள். மணிக்கொரு தரம் மீட்டர்களைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நீ மட்டும், முள் கொஞ்சம் கோணலாக நின்றாலும், படியிறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாய்.

ராயபுரத்தில் நான் மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்தபோது இரண்டாம் ஷிப்ட் வாரங்கள் குறுக்கே வந்தன. நான் கேட்காமலே அவற்றை நீ எடுத்துக்கொண்டாய். ஏறக்குறைய ஒரு வருஷம். பிள்ளைகள் அப்பா முகத்தையே மறந்துவிடும் போலிருக்கிறது என்று கொருக்குப்பேட்டை வீட்டில் உன் மனைவி என்னிடமே சொன்னார். ஷிப்ட் மாறும் நேரத்தில் புத்தகத்தைப் பிடுங்கிக் கேள்வி கேட்பாய். பதில் சரியா என்று உனக்குத் தெரியாது. நான் மழுப்பினால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாய்.

காற்றாலைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. நிரந்தர உத்தியோகத்தை விடப்போகிறேன் என்றதும் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். ராஜினாமாக் கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் கேன்டீனில் நீ சொன்னாய்:

"இங்கயே இருந்தா இன்னா ஆவும்னு எனக்கே தெரியும் மாமு. அங்க இன்னா கீதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியாது. நீ போயி பாத்து சொல்லு."

அன்று மதியமே கடிதத்தைக் கொடுத்தேன்.

மூன்றாவது மாதமே சிக்கல். ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலை ஓடுகிறது, மின்சாரமும் வருகிறது. ஆனால் காற்றின் வேகம் சைபர் என்று என் புரோகிராம் காட்டுகிறது. மூன்று நாள் வரிவரியாகத் தேடியும் தப்பு அகப்படவில்லை. கரி ஆபரேட்டருக்கு இதெல்லாம் வருமா என்று பக்கத்து மேஜைகளில் பேச்சு. தோற்றுத் திரும்பி எந்த முகத்தோடு அப்பாவைப் பார்ப்பது என்று எனக்குப் பயம் வந்தது. டெலிபோன் பூத்திலிருந்து உன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து உன்னைக் கூப்பிடச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "மீட்டராண்ட யாருனா போயி பாத்தாங்களா?" என்றாய். யாருமே பார்க்கவில்லை. மறுநாள் அங்கே ஒருவர் ஏறிப் பார்த்தார். காற்றை அளக்கிற கிண்ணங்கள் சுற்றவே இல்லை. அவற்றின் அச்சில் குளவி கூடு கட்டியிருந்தது.

கடைசியாக உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தாய். உடம்பைப் பற்றிப் பேச விடவில்லை. காற்று நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாய். உன் அனல் நிலையத்துப் பாய்லர்தான் காப்பாற்ற வேண்டும் என்றேன். நீ சிரிக்கவில்லை.

"அது சூடாவ எம்மா நேரம் ஆவும்னு உனுக்கு தெரியாதா? நாளைக்கி காத்து நிக்கும்னு இன்னிக்கே சொல்லுமா உன் கம்ப்யூட்டரு?"

சொல்லாது என்றேன்.

"ஏன் சொல்லாது?"

அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நீ இல்லை.

அந்தக் கேள்வியை அலுவலகத்தில் சலிக்கச் சலிக்கக் கேட்டேன். இப்போது நாங்கள் ஐந்து பேர் அதற்குத்தான் புரோகிராம் எழுதுகிறோம். மறுநாள் மாலை நான்கு மணிக்குக் காற்று தணியும் என்று போன திங்கட்கிழமை அது முதல் தடவையாகச் சொன்னது. செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குத் திரையை விட்டு நான் நகரவில்லை. தணிந்தது. ஆனால் ஐந்தரைக்கு.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே தவறியது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.