பூசையில் வைத்த புத்தகம்

அக்டோபர் 1983, சரஸ்வதி பூசை இரவு

பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய வரலாறு எடுத்திருப்பதை வீட்டில் சொல்லவில்லை. பொருளாதாரம் மட்டும்தான் என்று சொல்லி வைத்திருந்தேன். இன்று பூசைக்குப் புத்தகங்களை அடுக்கியபோது, அட்டையில் அரபு எழுத்துள்ள அந்தப் பாடத்தின் நூலகப் புத்தகத்தை மட்டும் பையிலேயே விட்டுவிட்டேன்.

அம்மா பையைத் துழாவி அதை எடுத்துவிட்டாள். தேயிலைக் கொழுந்து பறித்துக் கறை ஏறிய விரலால் அட்டையில் சந்தனம், குங்குமம் வைத்து, அடுக்கின் மேலேயே வைத்தாள்.

"இத மறந்துட்டியே. பிரிஞ்சாங் டவுன்ல பாய் கடை செவுத்துல மாட்டியிருக்கிற எழுத்துதானே? இதுவும் படிப்புதான்லா."

அப்பா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "மதம் மாறப் போறியா?" என்றார்.

"இல்லப்பா, வெறும் பாடம்தான்."

"பாடம்னா எதுக்கும்மா ஒளிச்ச?"

அவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். அம்மா தட்டை மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும். அட்டையில் குங்குமம் ஊறியிருக்கும். அங்கே என்ன சொல்வேன்? இப்போதே துடைத்துவிடலாம் என்றால், நாளைக் காலைப் பூசை முடியும்வரை அடுக்கில் கைவைக்கக் கூடாது.

விளக்கு இன்னும் எரிகிறது. அந்தப் பொட்டு இங்கிருந்தே தெரிகிறது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்.

அவரும் தூங்கவில்லை.