பிளாட்பாரம் டிக்கெட்டும் பூங்காப் பத்திரமும்

விழுப்புரம்
6.7.1986

அன்புள்ள உங்களுக்கு,

தையல்நாயகி எழுதிக்கொள்வது. இங்கே நலம். நீங்கள் கடிதம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. சனிக்கிழமை பஸ்ஸில் வருவதையும் நிறுத்திவிட்டீர்கள். சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். எங்கள் தெருக்கோடியில் முள் மண்டிக் கிடக்கிறதே நகரசபை இடம், அதில் பூங்கா வைக்கத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பாதிச் செலவுக்கு ஊர் மக்களிடமே நூறு ரூபாய்ப் பத்திரம் விற்றுக் கடன் வாங்கி, பத்து வருஷத்தில் வட்டியோடு திருப்பித் தருவார்கள். எங்கள் வார்டுக்கு இருநூறு பத்திரம். ஆடி முடிவதற்குள் விற்காவிட்டால் இடம் லாரி நிறுத்த ஏலத்துக்குப் போய்விடும். கவுன்சிலர் லூர்துநாதன் வீடு வீடாக அலைகிறார். இதுவரை விற்றது பதினொன்று. அதில் ஒன்று என்னுடையது.

பணம் திரும்பி வருமா டீச்சர் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நீங்கள் இருபத்தாறு வருஷமாகத் திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். பத்திரத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். செல்லும் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள், பெண்கள் கூட்டத்தில் காட்ட வேண்டும்.

தையல்நாயகி

திண்டிவனம்
11.7.1986

தையல்நாயகிக்கு ஆசீர்வாதம்.

நாலு வரி கேட்டாய். தாராளமாகவே தருகிறேன்.

பத்திரம் செல்லும். முத்திரை, அனுமதி எண், தவணை எல்லாம் ஒழுங்கு. செல்லாதது உங்கள் தெருதான். புல் முளைத்தால் மாடு வரும். பெஞ்சு போட்டால் சீட்டாடுகிறவன் வருவான். கடலை கொறிக்கிறவன் போடுகிற மல்லாட்டைத் தோலைப் பெருக்கித் தள்ளவே தனியாக ஆள் வேண்டும். செம்பருத்தி வைத்தால் காலையில் அது யார் வீட்டுச் சாமி படத்தில் இருக்கும் என்று உனக்கும் தெரியும். கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம் என்று பெயரை எழுதிக்கொள்கிற ஜனங்கள், பெயர் போடாத பெஞ்சுக்கு நூறு ரூபாய் எடுப்பார்களா? காற்று வாங்கக் கடன் கொடுக்கிற முட்டாள்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

உனக்கு ஏன் இந்த ஆசை என்பதும் தெரியும். போன வருஷம் மூன்று சாயங்காலம் உன்னை விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் பார்த்ததாக ஆபீஸ் வாசலில் என்னோடு பத்திரம் எழுதுகிற பாண்டுரங்கன் சொன்னான். கையில் பை இல்லையாம். எந்த வண்டியிலும் ஏறவில்லையாம். உன் தெருப் பெண்கள் இன்னும் சிலரும் இப்படித்தான் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்காருகிறார்களாம். யாருக்காகக் காத்திருந்தாய் என்று நான் கேட்கவில்லை. வராமல் இருந்துவிட்டேன். உட்கார இடம் தேடி ஊர் சுற்றுகிறவளா குடும்பப் பெண்?

இந்தக் கடிதத்தை ஒளிக்க வேண்டாம். உன் கூட்டத்திலேயே படி. சுயபுத்தியோடு, எவர் தூண்டுதலும் இல்லாமல் எழுதிக் கையொப்பம் இட்டிருக்கிறேன்.

திண்டிவனத்துக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பத்தையும் நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு உன் தலைமையாசிரியையிடம் கொடு.

இப்படிக்கு,
வே. சுப்பராயலு
பத்திர எழுத்தர்

விழுப்புரம்
21.7.1986

அன்புள்ள உங்களுக்கு,

படித்தேன். ஒரு வரி விடவில்லை.

மாதா கோயில் ஹாலில் கூட்டம். அறுபது பெண்கள் இருப்பார்கள். பத்திரம் செல்லும் என்றதும் தலையாட்டினார்கள். ட்யூப்லைட்டுக்குச் சிரித்தார்கள். பிளாட்பாரம் வந்தபோதும் நான் நிறுத்தவில்லை.

நீங்கள் கேட்காத கேள்விக்கு அங்கேயே பதில் சொன்னேன். என் ஒற்றை அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசலில் வீட்டுச் சொந்தக்காரர் நாற்காலி போட்டுக்கொள்வார். பள்ளிக்கூடம் விட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார இந்த ஊரில் எனக்குக் கிடைத்தது ஜங்ஷன் பெஞ்சுதான். கையில் டிக்கெட் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வண்டி லேட் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அரிசி மண்டி வீட்டு அம்மா கெங்கம்மாள் எழுந்தார். "எனக்கு ரெண்டு எழுதிக்க டீச்சர். நானுந்தான் அங்க போய்க் குந்திக்கினு இருந்தேன். எந்த வண்டிக்குன்னு இத எழுதுன ஆளு எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

அதற்கப்புறம் வரிசை கட்டி நின்றார்கள்; மூன்று நாளில் இருநூறும் தீர்ந்தது. பூங்கா வேண்டும் என்று வாங்கியவர்கள் பாதி, உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் வாங்கியவர்கள் பாதி. லூர்துநாதன் நூறு கூட்டம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது. பெயர் எழுதக் காகிதம் போதவில்லை. உங்கள் மாற்றல் விண்ணப்பத்தின் பின்பக்கம் காலியாக இருந்தது, நல்ல கெட்டிக் காகிதம். கவுன்சிலர் அதை நகரசபைக்கு எடுத்துப் போய்விட்டார்.

தையல்நாயகி

திண்டிவனம்
26.7.1986

தையல்நாயகி,

படி என்று எழுதினால் படித்துவிடுவதா? இருபது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு நான் எதை எப்படிச் சொல்வேன் என்று தெரியாதா?

ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் என்னைப் பூங்காக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். பாண்டுரங்கன் என்னோடு டீ குடிக்க வருவதில்லை. கெங்கம்மாள் அவனுக்குப் பெரியம்மாவாம், கோள் சொன்னதற்குக் கூப்பிட்டுத் திட்டினாராம்.

அந்த இடம் ஆறு மாதத்தில் மறுபடியும் முள்காடாகும். அதுவரை எனக்கு எழுதாதே.

வே. சு.

திண்டிவனம்
3.9.1987

அன்புள்ள தையலுக்கு,

பூங்கா திறந்து நாலு மாதம் ஆகிறதாமே. கேட் போட்டிருக்கிறார்களாம், மாடு புகவில்லையாம். காவல்காரன் சம்பளம் தண்டம் என்ற என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை.

எனக்கு இடுப்பு வலி. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. நடந்ததை நான் மறந்துவிட்டேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வருகிற பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாசஞ்சரில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வந்து நில்.

சுப்பராயலு

விழுப்புரம்
8.9.1987

அன்புள்ள உங்களுக்கு,

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று எனக்குச் சலுகை தந்திருக்கிறீர்கள். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் தேவைப்படும்.

பூங்கா ஒன்றும் பெரிய அழகு இல்லை. நீங்கள் சொன்னபடியே செம்பருத்தி காலையில் காணாமல் போகிறது, மல்லாட்டைத் தோலும் கிடக்கிறது. சீட்டாட வந்தவர்களைக் கெங்கம்மாள் விரட்டிவிட்டார். ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை நான் வேப்பமரத்துப் பெஞ்சில் இருப்பேன். பாதி நாள் யாரோடும் பேசுவதில்லை. அவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வர மாட்டேன். அங்கே போவதை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. மாற்றலும் கேட்கப்போவதில்லை. பூங்காவுக்கு டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம், நீங்களும் வரலாம். பெஞ்சுகள் நிறைய இருக்கின்றன. என் பெஞ்சுக்கு வந்து, உனக்காக வந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

நான் அன்றைக்கும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இன்றைக்கு உங்களுக்காகவும் இல்லை.

தையல்நாயகி