ஒரே கோபால், ரெண்டு நாற்காலி

6 அக். '86, திங்கள்
அரியலூரில் காலையிலிருந்தே தூறல். ரெட்டிபாளையம் ரோட்டில் சிமெண்ட் தூசி இல்லை, அதிசயம். ஆபீஸ் போனால் மெட்ராஸ் பார்சல். உள்ளே இன்னொரு கோபோல் புத்தகம். கம்ப்யூட்டர் மொழிதான், ஆனால் எங்கள் வாயில் எப்போதும் கோபால். என்னோடு புரோகிராம் எழுதும் செல்வம் உடனே, "இனிமே ஆளுக்கொரு கோபாலுங்க!" சிரித்து வைத்தேன். சந்தோஷம் இல்லை.

இதுவரை ஒரே புத்தகம், அதனால் ஒரே மேஜை. அவர் பக்கம் புரட்டுவார், நான் எழுதுவேன்.
"கோபால் என்ன சொல்றார்?" என்பேன்.
"மொதல்ல எழுத்தா எண்ணான்னு கேக்குறாருங்க. அப்புறம் எத்தனை இடம்னு."
ரெண்டு வருஷம் தாயம் ஆடின மாதிரி ஓடிவிட்டது.

7, செவ்வாய்
மேஜையைப் பிரித்தாயிற்று. அவர் ஜன்னல் பக்கம், நான் ஏ.சி.க்கு நேர் கீழே. ஜலதோஷம். பேச்சே இல்லை, தாள் புரளும் சத்தம் மட்டும்.
கடையில் வாங்க: புளி, தைலம், ஊக்கு.
அம்மாவிடம் புலம்பினேன். "கோபால் எனக்கே எனக்குன்னு வந்தப்புறம் வேலையே ஓடலம்மா." கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.
"யாருடி அந்தக் கோபால்?"
புத்தகம் என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை.

9, வியாழன்
கம்பெனி பஸ் லிஸ்ட் அச்சாகி வந்தது. ஊர்ப் பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து இடம்தான் விட்டிருந்தேன். இங்கிலீஷில் செல்வத்தின் ஊருக்குப் பதின்மூன்று வேண்டும். வேப்பந்தட்டை போய் 'வேப்பந்தட்டா'. வாலிகண்டபுரம் அதைவிட மோசம், 'வாலிகண்டபுர்'. ஒரே மேஜையாக இருந்தால் அவர் விரல் விட்டு எண்ணியிருப்பார்.
கோபம் இல்லை அவருக்கு. "எங்க ஊரு வாலை நறுக்கிட்டீங்களே!" அந்தச் சிரிப்பு. இதற்குத்தான் ஏங்கிக்கிடந்தேன் போல.

10, வெள்ளி
புதுப் புத்தகம் எதற்கு வந்தது என்று தெரிந்துவிட்டது. செல்வத்துக்கு மாற்றல், ஆந்திராவில் இருக்கிற ஆலைக்கு. திங்களன்று சேரணும். ஒரு புத்தகம் அவரோடு போகிறது. மானேஜர் என்னமோ நல்ல சேதி மாதிரி சொன்னார்.

செல்வம் தயங்கித் தயங்கி, "பழைய கோபாலை நான் எடுத்துக்கட்டுங்களா? நம்ம கிறுக்கலெல்லாம் அதுலதான் இருக்கு."
"தரமாட்டேங்க."
ஏன் என்று கேட்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முகத்தைப் பார்த்தாள். "அழுதியா? அந்தக் கோபால் ஊரை விட்டுப் போறானா?"
"இல்லம்மா. கோபால் இங்கதான் இருக்கார். போறது செல்வம்."