விட்டுக்கொடுத்த இரண்டாவது ரவுண்டு

17.8.97, ஞாயிறு

கோவை ஆர்.எஸ்.புரம் வீடியோ கேம் கடையில் நடந்த சண்டை கேம் போட்டியில் முதல் ஆளிடமே தோற்று வெளியே வந்துவிட்டேன். தறிக்கு லீவு விட்ட ஞாயிறெல்லாம் பழகியது இதற்குத்தானா?

முதல் ரவுண்டு எனக்குத்தான். இரண்டாவதில் கை தானாகத் தளர்ந்தது. எங்கள் ஊர் சோமனூர் கடையில் அதுதான் வழக்கம். முதல் ரவுண்டை ஜெயித்தவன் இரண்டாவதை எதிராளிக்கு விட்டுவிடுவான், மூன்றாவதில்தான் நிஜச் சண்டை. இங்கேயும் அப்படியே விட்டுத் தொலைத்தேன். மூன்றாவதில் அந்த ஆள் என்னை மூலையில் தள்ளி எழவே விடவில்லை.

"ஏனுங்க, நல்லாத்தானே ஆடுனீங்க, நடுவுல ஏன் நின்னுபோட்டீங்க?" என்று ஜெயித்தவனே கேட்டான்.

அதைவிட, திரும்பும்போது பஸ்ஸில் வந்த நினைப்புதான் உறுத்துகிறது. என்னோடு கேம் ஆடிப் பழகும் கூட்டாளி சிவராஜ் கொஞ்ச நாளாக என்னிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான். அந்தத் தைரியத்தில்தான் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கேட்டுவிட்டேன்.

"டேய், எங்கிட்ட நெசமாவே தோத்தியா, இல்ல மூணாவதையும் உட்டுக் குடுத்தியா?"

கருமத்தம்பட்டி தாண்டும்போது டிக்கெட்டைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டான். அப்புறம் சொன்னான்.

"இனிமே நெசமா ஆடுற வேற யாருகூடயாச்சும் பழகுடா."